மற்றவை

காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே
எங்கள் வேன் நிற்கிறது.
விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
கேமரா மாதிரிதான் இருக்கும் எக்ஸ்ரே பெட்டி,
தோளில் மாட்டிக்கொண்டே நடக்கலாம்.
"போட்டோ ஃப்ரீயா மேடம்?" என்பார்கள்.
ஃப்ரீதான். சிரிக்க வேண்டாம்.
மூச்சை இழுங்க. பிடிங்க.
விடுங்க.

படம் விழுந்த நாற்பதாவது விநாடி
திரையில் ஓர் எண் வரும்.
சைபருக்கும் ஒன்றுக்கும் நடுவே
ஒரு நெஞ்சு.
பாதியைத் தாண்டினால்
சளி டப்பா கொடுத்து உட்கார வைக்க வேண்டும்.
வேனில் டாக்டர் கிடையாது.
டாக்டர் இருக்கிற இடத்துக்குப் போனால்
ஒரு நாள் கூலி போகும் என்பதால்தான்
வேனே வந்தது.

முதலில் தேசம்மா.
சங்கரா கூடையை இறக்கிவிட்டு வந்தவள்,
தலைக்குக் குளித்த ஈரம்.
சொல்லாமலே தாலியைப் பல்லில் கவ்விக்கொண்டாள்,
போன வருஷமும் எடுத்திருக்கிறாள்.
புள்ளி ஆறு இரண்டு.
வலது நுரையீரலின் உச்சியில்
மஞ்சளும் சிவப்புமாய்ப் பூசிக் காட்டியது மென்பொருள்,
வங்கக் கடலில் புயல் சின்னத்தை
டிவியில் காட்டுவது போல.

எனக்கு அந்த நிழலைத் தெரியும்.
ஜடை.
ஈரப் பின்னல் தோளில் விழுந்து கிடந்தது.
"கொண்டை போட்டுக்கோக்கா."
மறுபடி இழு, பிடி, விடு.
புள்ளி பூஜ்ஜியம் எட்டு.
பல லட்சம் நெஞ்சுகளைப் பார்த்துப் படித்ததாம்.
அதில் ஜடை போட்டவர்கள் எத்தனை பேர் என்று
யாரிடம் கேட்பது?

அந்தத் திமிர் எனக்கு அரை மணி நேரம் இருந்தது.

பிறகு பாளையம்.
ஐஸ் பாரை முதுகில் சுமக்கிறவர்,
முதுகுச் சாக்கு இன்னும் சொட்டுகிறது.
இருமல் இல்லை. காய்ச்சல் இல்லை.
"டீயும் பன்னும் குடுக்குறாங்கோன்னாங்கோ, அதான்."
படத்தைப் பார்த்தேன்.
பதினோரு வருஷக் கண், சுத்தம் என்றது.
புள்ளி ஒன்பது ஒன்று என்றது அது.
இதயத்துக்குப் பின்னால்,
நிழலுக்குள் ஒளிந்த நிழல்.
பெரிதாக்கினேன்.
இருந்தது.
படுபாவி, இருந்தது.

எண்ணை அவரிடம் சொல்லவில்லை.
தொண்ணூறு மார்க்கா என்று சந்தோஷப்படுவார்.
"இன்னொரு டெஸ்ட் எடுக்கணும்ணே."
"யாரு சொன்னது?"
வேனுக்குள் நாங்கள் இரண்டு பேர்தான்.
திரையைக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்,
அடுத்தவன் தராசைப் பார்க்கிற மாதிரி.
"அது எப்பவாச்சும் தப்பா சொல்லுமா?"
"சொல்லும்" என்றேன்.
"இன்னைக்கே ஒண்ணு சொல்லிச்சு.
இது தப்புன்னு தோணலண்ணே."

அப்போது வந்தது அடுத்த கட்டம்:
முடிவு, பதிவான எண்ணுக்குக் குறுஞ்செய்தியாகப் போகும்.
பத்து. ஒன்பது. எட்டு.
"இது உங்க நம்பர்தானே?"
"எனக்கேது போனு? மேஸ்திரிது குடுத்தேன்."

மேஸ்திரி கேட்டுக்கு உள்ளே
இன்றைய ஆள் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்.
ஆறு மாத மாத்திரையின் முதல் மாத்திரைக்கு முன்பே,
பாளையத்துக்கே தெரியும் முன்பே,
அவர் சட்டைப் பை அதிரும்.

நான்கில் நிறுத்தினேன்.

ஏன் நிறுத்தினாய் என்று கேட்டது.
எண் தவறு.
நெட்வொர்க் இல்லை.
நோயாளி மறுப்பு.
ஒன்றும் பொருந்தவில்லை.
கடைசியில் "மற்றவை" என்று ஒரு வரி,
பக்கத்தில் இருபது எழுத்துக்கு இடம்.

வெளியே ஐஸ் உடைக்கும் மிஷின் ஓடத் தொடங்கியது,
வேனின் தகரம் நடுங்கியது.
சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்:
"முடிஞ்சுதா மேடம்?
அங்க பாரு உருகிக்கினு கீது."

'நேரில் சொல்லியாயிற்று' என்று அடித்தேன்.

இன்னும் சொல்லவில்லை.